நாலு சதுர சென்டிமீட்டர்ல இருந்து ஒரு உடம்புக்கே தோல்: போஹும் பையன் கேஸ்

2015 ஜூன் மாசம். ஜெர்மனில ரூர் பக்கம் போஹும்னு ஒரு ஊரு, அங்க இருக்குற யுனிவர்சிட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஏழு வயசுப் பையன் ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தாங்க. சிரியாவுல பொறந்தவன், 2013ல குடும்பத்தோட அகதியா ஜெர்மனிக்கு வந்தவன். எடை 17 கிலோ தான், ஏழு வயசுக்கு அது ரொம்பக் கம்மி. உடம்பு முழுக்கப் புண்ணு, அதுல ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் ரெண்டு கிருமியும் ஏறிருச்சு. சில வாரத்துலயே உடம்புத் தோல்ல அறுபது சதவீதம் உரிஞ்சு போச்சு.

இது தீக்காயம் இல்ல, ஆக்சிடென்ட் இல்ல. பொறந்ததுல இருந்தே இருக்குற வியாதி. ஜங்ஷனல் எபிடெர்மோலிசிஸ் புல்லோசான்னு பேரு. இந்தக் குழந்தைங்களை பட்டாம்பூச்சிக் குழந்தைங்கன்னு சொல்வாங்க, தொட்டா றெக்கைப் பொடி உதிர்ற மாதிரி தோல் வந்துரும்ங்கிறதால. கேக்க அழகா இருக்கு, ஆனா சட்டை போட்டுக் கழட்டுனாலே கொப்புளம் வந்து உரியுற ஒரு குழந்தைக்கு அந்தப் பேரை வெச்சது யாருன்னு எனக்கு எப்பவுமே ஒரு எரிச்சல்.

இவனைக் காப்பாத்துனது ஸ்டெம் செல், அதாவது தானும் நிலைச்சு நின்னு புதுசு புதுசா செல்லைப் பெத்துக்கிட்டே இருக்குற மூலச் செல். ஆனா ஸ்டெம் செல்லுன்னாலே இப்ப நம்ம ஆளுங்க மனசுல முதல்ல வர்றது ஏதோ ஊசி, ஏதோ க்ரீம், முடி வளர்ற விளம்பரம். நிஜத்துல மனுஷ தோல்ல அந்த செல் என்ன வேலை பண்ணுதுங்கிறதை இந்த ஒரு பையன் உடம்பு காட்டுன அளவுக்கு வேற எதுவும் காட்டலன்னு நான் நினைக்கிறேன், அதான் இந்தக் கேஸை முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

மொதல்ல தோல் எப்படி நிக்குதுன்னு பாக்கணும். மேல்தோல்ங்கிறது பல அடுக்கு. கடைசி அடுக்குல, அதாவது தரையில ஒட்டிக்கிட்டு இருக்குற வரிசைல தான் பிரியுற, அதாவது ஒண்ணு ரெண்டாகுற செல்லுங்க இருக்கு, அதுங்களோட ஒண்ணா கலந்து ஸ்டெம் செல்லும் இருக்கு. அங்க பொறக்குற செல் மெல்ல மெல்ல மேல ஏறும், ஏற ஏற கெரட்டின்ங்கிற கெட்டிப் புரதம் நிறைஞ்சு, தட்டையாகி, உயிரை விட்டு, மேல வந்ததும் உதிர்ந்துரும். இது முழுக்க நடக்க ஏறக்குறைய ஒரு மாசம். அதாவது இன்னிக்கு நீங்க பாக்குற உங்க கையோட மேல்தோல் போன பொங்கலுக்கு இல்ல. மேல்தோல்ங்கிறது ஒரு பொருள் மாதிரி தெரிஞ்சாலும் அது நிக்காம நடக்குற வேலை, கீழ இருக்குற வரிசை ஒரு மாசம் வேலைநிறுத்தம் பண்ணா மேல இருக்குறது காலி.

அந்தக் கீழ் வரிசை தரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்க சில புரதங்க இருக்கு. லேமினின் 332, கொலாஜன் 17, இன்டெக்ரின் ஆல்ஃபா 6 பீட்டா 4, அதுக்கும் கீழ நங்கூரம் மாதிரி கொலாஜன் 7. இதெல்லாம் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கும். பையனுக்குப் பிரச்சனை லேமினின் 332ல. அது மூணு சங்கிலி சேர்ந்து பின்னுன புரதம், அதுல பீட்டா 3 சங்கிலியைச் செய்யுற ஜீன் எல்ஏஎம்பி3, அதோட ரெண்டு பிரதியிலயும் ஒரே எழுத்துப் பிழை. அதனால புரதம் ஒழுங்கா உருவாகல, பசை இல்ல. பழைய சுவர்ல காரை பேந்து விழும்ல, உள்ள செங்கல் நல்லாத் தான் இருக்கும், மேல பூச்சும் நல்லாத் தான் இருக்கும், நடுவுல பிடிப்பு போயிருக்கும், அதே தான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். தோல் கழண்டு வர்றது அந்தக் கீழ் வரிசைக்கும் கீழ. அப்ப ஒவ்வொரு கொப்புளமும் உரியும்போது வெறும் மேல் அடுக்கு மட்டும் போகல, ஸ்டெம் செல்லும் சேர்ந்து போகுது. நமக்கு முட்டில சிராய்ச்சா மேல கொஞ்சம் போகும், கீழ முதல் பத்திரமா இருக்கும், வட்டி வந்துக்கிட்டே இருக்கும். இவனுக்கு ஒவ்வொரு தடவையும் முதல்லயே கை வெக்குது. இந்த வகை வியாதி உள்ள குழந்தைங்கள்ல நாப்பது சதவீதத்துக்கு மேல வாலிபம் வர்றதுக்குள்ள போயிருதுங்க, தப்பிக்கிறதுங்களுக்கும் பின்னால தோல் புற்றுநோய் வர்ற ஆபத்து ஜாஸ்தி.

போஹும்ல டாக்டருங்க தெரிஞ்சதெல்லாம் செஞ்சாங்க. கிருமிக்கு மருந்து, மருந்துத் தண்ணில குளியல், கட்டு, டியூப் வழியா சாப்பாடு. அப்பாவோட தோலை எடுத்து ஒட்டிப் பாத்தாங்க, உடம்பு ஏத்துக்கல, அதுவும் போச்சு. இனி வலி தெரியாம வெச்சிருக்கிறதைத் தவிர வேற வழி இல்லங்கிற நிலைக்கு வந்துட்டாங்க. அப்பா விடல. எதையாவது பாருங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு அப்புறம் டாக்டருங்களே சொன்னாங்க. அவங்க ஆராய்ச்சிப் பேப்பர்களைத் தேடிப் போய் நின்ன இடம் இத்தாலி, மோடெனா. அங்க மிக்கேலே டெ லூக்கான்னு ஒருத்தர்.

டெ லூக்கா யாருன்னு சொல்றதுக்கு நாப்பது வருஷம் பின்னால போகணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

1970கள்ல அமெரிக்காவுல எம்ஐடில ஹோவர்ட் கிரீன்னு ஒரு விஞ்ஞானி, அவர்கிட்ட ஜேம்ஸ் ரைன்வால்ட்னு ஒரு ஸ்டூடண்ட். அவங்க தோலைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணல. எலியோட டெரட்டோமான்னு ஒரு கட்டி, அதோட செல்லை வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. டெரட்டோமாவுல எல்லா வகைத் திசுவும் குப்பைத்தொட்டி மாதிரி கலந்து கிடக்கும். டிஷ்ல, அதாவது செல் வளர்க்குற தட்டுல பாத்தா ஒரு ஓரத்துல தோல் செல் மாதிரி இருக்குற கூட்டம் ஒண்ணு ஜம்முனு வளருது. ஏன்னு பாத்தா, பக்கத்துல 3டி3ங்கிற எலி செல்லுங்க இருந்தா மட்டும் தான் வளருது. 3டி3 கிரீனே முன்னாடி டோடரோன்னு இன்னொருத்தரோட சேர்ந்து உருவாக்குன செல். அதை கதிர்வீச்சு குடுத்து பிரியாம பண்ணி தட்டுல அடியில பரப்பி, மேல மனுஷ தோல் செல்லைப் போட்டா பிச்சுக்கிட்டு வளருது. 1975ல பேப்பர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி மனுஷ தோல் செல்லை நீண்ட நாள் டிஷ்ல வளர்க்க யாராலயும் சரியா முடியல. துணைக்கு ஆளு வேணும்ங்கிறது தான் ரகசியம், தனியா விட்டா சோர்ந்து போயிரும். தயிருக்கு உறைமோர் மாதிரின்னு சொல்லலாம்னு பாத்தேன், சரியா வராது, ஏன்னா இங்க உறைமோர் பெருகாது, கூட நின்னு பாத்துக்கும், அவ்ளோ தான்.

1983ல அது நிஜ ஆளுங்க மேல பரீட்சைக்கு வந்துச்சு. பாஸ்டன்ல அஞ்சு வயசு, ஆறு வயசு அண்ணன் தம்பி ரெண்டு பேர், உடம்புல தொண்ணூத்தஞ்சு சதவீதத்துக்கு மேல தீக்காயம். அக்குள்ல இருந்து சின்னதா ஒரு துண்டுத் தோல் எடுத்து, வளர்த்து, ஷீட் ஷீட்டா ஒட்டுனாங்க, உடம்புல பாதிக்கு மேல அதுலயே மூடுனாங்க. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. மறு வருஷம் பேப்பர் வந்துச்சு.

அப்புறம் 1987ல கிரீனும் யான் பாரந்தோன்னு ஒரு ஃபிரெஞ்சு ஆளும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணாங்க, அது தான் இந்தக் கேஸுக்கே சாவி. தோல்ல இருந்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பிரிச்சு, தனித்தனியா வளர்த்துப் பாத்தாங்க. பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஆனா பவிசு வேற வேற. மூணு ஜாதி. ஒண்ணு ஹோலோகுளோன், நூறு தடவைக்கு மேல கூட பிரியும், ஒரே செல்லுல இருந்து ஊருக்கே தோல் வரும். இன்னொண்ணு பாராகுளோன், பதினஞ்சு தடவைக்குள்ள பிரிஞ்சு கதை முடிஞ்சுரும். நடுவுல மெரோகுளோன். ஹோலோகுளோன் தான் ஸ்டெம் செல்லுன்னு பின்னால தெளிவாச்சு, மத்த ரெண்டும் அதோட பிள்ளைங்க, வேகமா வேலை பாக்கும், சீக்கிரம் ஓய்ஞ்சுரும். தட்டுல வளர்ற கூட்டத்துல ஹோலோகுளோன் ரொம்பக் கொஞ்சம் தான்.

டெ லூக்காவும் கிரசியெல்லா பெல்லெக்ரினியும் இந்தப் பரம்பரைல வந்தவங்க. கண்ணுக்கு வெளிப்பக்கம் கருவிழி ஓரத்துல இருக்குற ஸ்டெம் செல்லை வளர்த்து, அமிலமோ சுண்ணாம்போ பட்டுப் பார்வை போனவங்களுக்கு ஒட்டுனவங்க. அந்த மருந்து ஹோலோகிளார்ங்கிற பேர்ல 2015 பிப்ரவரில ஐரோப்பாவுல அனுமதி வாங்குச்சு, ஐரோப்பிய யூனியன்ல அனுமதி கிடைச்ச முதல் ஸ்டெம் செல் மருந்தே அது தான். தோல் பக்கம், 2006லயே 36 வயசு ஆளு ஒருத்தருக்கு, இதே எல்ஏஎம்பி3 பிழை தான், ஜீனைத் திருத்தி வளர்த்த தோலைத் தொடையில மட்டும் ஒட்டியிருந்தாங்க. ஆறரை வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் அந்த இடம் நல்லா இருந்துச்சு. ஆக போஹும்ல இருந்து கேள்வி வந்தப்ப மோடெனாவுக்கு வேலை புதுசில்ல, அளவு தான் புதுசு. தொடையில கொஞ்சம் இடம் ஒட்டுறது வேற, ஒரு உடம்பு முழுக்கன்னா வேற. ஜெர்மன் அதிகாரிங்க கிட்ட தனி அனுமதி வாங்கி வேலையை ஆரம்பிச்சாங்க.

2015 செப்டம்பர்ல பையனோட இடது தொடை இடுக்குல, கொப்புளம் வராத ஒரு சின்ன இடத்துல இருந்து நாலு சதுர சென்டிமீட்டர் தோல் எடுத்தாங்க. ஒரு ஸ்டாம்ப் அளவு. மோடெனாவுல அதைப் பிரிச்சு, அந்தப் பழைய எலி செல்லுங்களோட ஒரு வகை மேல போட்டு, ஒரு ரெட்ரோவைரஸை வண்டியா வெச்சு எல்ஏஎம்பி3யோட நல்ல பிரதியை உள்ள அனுப்புனாங்க. வைரஸோட கெட்ட சாமான் எல்லாம் எடுத்துட்டு டெலிவரி பண்ற வேலையை மட்டும் விட்டு வெச்சிருப்பாங்க. அது செல்லோட டிஎன்ஏவுல போய் ஏதோ ஒரு இடத்துல உக்காந்துக்கும். எந்த இடம்னு நாம தீர்மானிக்க முடியாது, ஒவ்வொரு செல்லுலயும் வேற வேற இடம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

மொத்தம் 0.85 சதுர மீட்டர் ஷீட் வளர்த்தாங்க. தோள்ல போடுற ஈரிழைத் துண்டு ஒண்ணை விரிச்சா ஏறக்குறைய அவ்வளவு பரப்பு. ஸ்டாம்ப்ல இருந்து துண்டுக்கு, ரெண்டாயிரம் மடங்குக்கு மேல. சில ஷீட் பிளாஸ்டிக் தட்டுல வளர்த்தது, சிலது ஃபைப்ரின் மேல வளர்த்தது, ஃபைப்ரின்னா ரத்தம் உறையும்போது வலை மாதிரி வருமே அது. ரெண்டும் ஒரே மாதிரி தான் பிடிச்சுது, ஃபைப்ரின் ஷீட் கையாள சுலபம்.

அக்டோபர்ல முதல் ஆபரேஷன், கை கால். நவம்பர்ல முதுகு, விலாப் பக்கம். 2016 ஜனவரில மிச்சம் மீதி. உடம்புல எண்பது சதவீதம் புதுத் தோல். போஹும் பக்கம் டோபியாஸ் ஹிர்ஷ், மாக்ஸிமிலியன் கூக்கெல்ஹாஸ்னு ரெண்டு சர்ஜனுங்க தான் பண்ணது. கட்டைப் பிரிச்சுப் பாக்குற நேரம் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் நிறைய தடவை யோசிச்சிருக்கேன், ஏன்னா கை ஒண்ணு பிடிக்கலன்னா மறுபடி வளர்க்கறதுக்கு எடுக்க நல்ல தோல் ரொம்பக் கம்மி. பிடிச்சுது. பிப்ரவரில டிஸ்சார்ஜ், உள்ள வந்து எட்டு மாசம். அப்புறம் ஸ்கூலுக்குப் போனான், ஃபுட்பால் ஆடுனான், அடிபட்டா மத்த பசங்களுக்கு ஆறுற மாதிரி ஆறுச்சு.

2017 நவம்பர்ல நேச்சர் பத்திரிகையில முழு அறிக்கை வந்துச்சு, 21 மாசம் கவனிச்சதுல இருந்து. உலகம் பூரா நியூஸ்ல வந்தது பையன் பிழைச்ச கதை. ஆனா ஆராய்ச்சிக்காரங்க அந்தப் பேப்பரைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுனதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. வைரஸ் ஒவ்வொரு செல்லுலயும் வேற இடத்துல உக்காந்துச்சுன்னு சொன்னேன்ல, அது தன்னையறியாம ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ரேஷன் கார்டு நம்பர் குடுத்த மாதிரி. அந்தச் செல் பெத்த பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாத்துக்கும் அதே நம்பர் தான் இருக்கும். அப்ப இன்னிக்கு தோல்ல இருக்குற ஒரு செல்லோட நம்பரைப் பாத்து அது எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிரலாம். மனுஷ உடம்புல இந்த மாதிரி ஒரு கணக்கெடுப்பு பண்ணவே முடியாது, யார் சம்மதிப்பா, இங்க வைத்தியத்தோட இலவசமா அமைஞ்சுது.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஷீட்டுல எடுத்தப்ப பல ஆயிரம் நம்பர். நாலு மாசம், எட்டு மாசம் கழிச்சு பையன் தோல்ல எடுத்துப் பாத்தா சில நூறு தான். மீதி எங்க? போயிருச்சு. ஒட்டுன செல்லுங்கள்ல பெரும்பாலானது அந்த ஓய்ஞ்சு போற ஜாதி, கொஞ்ச மாசம் வேலை பாத்துட்டு உதிர்ந்துருச்சு. அதுக்கப்புறம் தோல்ல கிடைச்ச மெரோகுளோன், பாராகுளோன் எல்லாத்தோட நம்பரையும் ஹோலோகுளோன் நம்பரோட ஒத்துப் பாத்தா பொருந்துது, ஒட்டுறதுக்கு முன்னாடி எடுத்ததுல அப்படிப் பொருந்தல. அதாவது பழைய வேலைக்காரங்க எல்லாம் போயாச்சு, இப்ப இருக்குறவங்க எல்லாம் அந்தச் சில பெரிய வீடுகளோட பிள்ளைங்க. எண்பது சதவீதத் தோலும் கொஞ்சூண்டு ஸ்டெம் செல் தலைல தான் நிக்குது. தோல்ல எல்லா அடிவரிசைச் செல்லும் சமமா, இல்ல தலைமைன்னு ஒண்ணு தனியா இருக்கான்னு ரொம்ப வருஷமா சண்டை. எலில பாத்தவங்க பலர் சமம்னாங்க. மனுஷ தோல்ல தலைமை இருக்குன்னு இந்தப் பையன் உடம்பு சொல்லிருச்சு, எனக்குத் தெரிஞ்சு இதை விட நேரான சாட்சி இல்ல.

இதுல இருந்து கிடைக்கிற நடைமுறைப் பாடமும் சாதாரணமில்ல. தீக்காயத்துக்கு ஷீட் ஒட்டுன பல இடத்துல முதல்ல நல்லாப் பிடிச்சு, சில மாசத்துல கரைஞ்சு போன கதை உண்டு. ஷீட் பாக்க அழகா இருந்தாப் போதாது, உள்ள ஹோலோகுளோன் எத்தனைன்னு எண்ணணும்னு டெ லூக்கா குழு அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இது தான். விதை நெல்லு எவ்வளவுன்னு தெரியாம நாத்து பச்சையா இருக்குன்னு சந்தோஷப்பட்டா எப்படி.

2019ல அதே மோடெனா குழு இன்னொண்ணு காட்டுனாங்க. லேமினின் 332 வெறும் பசை மட்டும் இல்லயாம். அது இல்லாத செல்லுல யாப்னு ஒரு புரதம் செல்லோட நடுவுல டிஎன்ஏ இருக்குற நியூக்ளியஸுக்குள்ள போக மாட்டேங்குது, போகலன்னா அந்தச் செல் ஸ்டெம் செல்லாவே இருக்க முடியல, ஹோலோகுளோன் குறைஞ்சுக்கிட்டே வருது. லேமினின் ஜீனைத் திருப்பிக் குடுத்தா யாப் உள்ள போகுது, ஹோலோகுளோனும் திரும்பி வருது. அப்ப அந்தப் பையனுக்கு ரெண்டு பக்கமும் அடி. கொப்புளத்தோட செல் உரிஞ்சு போறது ஒண்ணு, உரியாம இருக்குற செல்லுக்கும் தரை சரியில்லாததால தன்னோட ஸ்டெம் குணமே போறது இன்னொண்ணு. தரையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாத் தான் அது ஸ்டெம் செல். பிடி விட்டா சாதா செல்.

இந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு முடிக்கு வருவோம், பாதிப் பேர் அதுக்குத் தான் இங்க வரைக்கும் படிச்சிருப்பீங்கன்னு தெரியும்.

முடியோட ஸ்டெம் செல் எங்க இருக்குன்னு 1990 வரைக்கும் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. மயிர்க்காலோட அடில ஒரு குமிழ் இருக்கும், முடியைப் பிடுங்குனா வெள்ளையா வரும்ல, அங்க தான் செல் வேகமாப் பிரியுது, அதனால அங்க தான்னு. ஜார்ஜ் கோட்சரெலிஸ், டுங்-டியன் சுன், ராபர்ட் லாவ்கர் மூணு பேரும் எலிக்கு ஒரு கதிரியக்கக் குறி குடுத்து ரொம்ப நாள் கழிச்சுப் பாத்தாங்க. அடிக்கடி பிரியுற செல்லுல குறி நீர்த்துப் போயிரும், சோம்பேறியா பிரியாம இருக்குறதுல குறி நிக்கும். குறி நின்ன இடம் அடிக் குமிழ் இல்ல, மேல நடுவுல ஒரு புடைப்பு, மயிர்க்கூச்செறியும்போது இழுக்குற சின்னத் தசை வந்து ஒட்டுற இடம். பல்ஜ்னு சொல்வாங்க. முடி சில வருஷம் வளரும், அப்புறம் அடிப்பகுதி சுருங்கும், ரெண்டு மூணு மாசம் ஓய்வு, உதிரும், மறுபடி பல்ஜ்ல இருந்து செல் இறங்கி வந்து புது அடிப்பகுதியைக் கட்டும். டெய்லி தலை வாரும்போது கொஞ்சம் முடி வர்றதுக்குப் பயப்பட வேணாம்ங்கிறது இதனால தான், அது உதிர்ற முறை வந்த முடி.

2005ல மயூமி இட்டோ, கோட்சரெலிஸ் குழு எலில பல்ஜ் செல்லுங்களை மட்டும் கொன்னு பாத்தாங்க. முடி போச்சு, ஆனா மேல்தோலுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப சாதாரண நாள்ல மேல்தோலுக்கும் மயிர்க்காலுக்கும் தனித்தனி குடும்பம். ஆனா காயம் பட்டா பல்ஜ் செல்லுங்க ஓடி வந்து தோலை மூடுதுங்க, சில வாரத்துல அதுல பெரும்பாலானது காணாமப் போயிருது. அவசரத்துக்கு வந்த பக்கத்து வீட்டு ஆளு மாதிரி. தொடையில மெல்லிசா தோல் சீவி எடுத்த இடம் தானா ரெண்டு வாரத்துல மூடிக்கிறது இப்படித் தான், மயிர்க்காலோட மிச்சம் உள்ள இருக்கும். ஆழமா வெந்து மயிர்க்காலும் போனா உள்ள இருந்து வர ஆளே இல்ல, ஓரத்துல இருந்து தான் வரணும், முடி வராத மொழுமொழு தழும்பு தான் மிஞ்சும். வளர்த்து ஒட்டுற ஷீட்டும் மேல்தோல் மட்டும் தான், அது தானா மயிர்க்கால் கட்டாது, வேர்வைச் சுரப்பி கட்டாது. பெரிய தீக்காயத்துல பிழைச்சவங்க வெயில்ல தவிக்கிறது வேர்வை வராததால. இதைச் சொல்லாம தோலையே செஞ்சுட்டோம்னு சொன்னா அது பாதி உண்மை.

இப்ப அந்தத் தரை விஷயம். 2016ல டோக்கியோல எமி நிஷிமுரா குழு வயசாகுற எலியோட மயிர்க்காலைப் பாத்தாங்க. பல்ஜ் ஸ்டெம் செல்லுல டிஎன்ஏ சேதம் சேரச் சேர கொலாஜன் 17 உடைஞ்சு போகுது. ஆமா, அதே கொலாஜன் 17, லேமினின் 332 பக்கத்துல கோத்துக்கிட்டு நிக்கிற ஆளு. அது போனதும் ஸ்டெம் செல் பிடியை விட்டு மேல போய் மேல்தோல் செல்லா மாறி உதிர்ந்து போகுது. மயிர்க்கால் சின்னதாகி சின்னதாகி கடைசில இல்லாமயே போயிருது. மனுஷ தலைல வயசான பெண்கள் கிட்ட எடுத்த தோல்லயும் இதுக்கான அறிகுறி பாத்தாங்க. கொலாஜன் 17 ஜீன்லயே பிழை உள்ளவங்களுக்கும் ஒரு வகை எபிடெர்மோலிசிஸ் புல்லோசா வரும், அவங்களுக்கு இள வயசுலயே முடி கொட்டும். பசை கெட்டா தோலுக்கு கொப்புளம், முடிக்கு வழுக்கை. ரெண்டு வியாதி மாதிரி தெரியும், ஒரே சுவத்துல பேந்த காரை.

ஆனா ஆம்பளைங்களுக்கு முப்பதுல நெத்தி ஏறுமே அது இந்தக் கதை இல்ல, இதைக் குழப்பிக்காதீங்க. 2011ல கோட்சரெலிஸ் குழு ஒரே ஆளோட வழுக்கை இடத்தையும் முடி இருக்குற இடத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. வழுக்கைல ஸ்டெம் செல் அப்படியே இருக்கு. குறைஞ்சது அதுக்கு அடுத்த படி, வேலைக்குக் கிளம்புற செல்லுங்க. விதை இருக்கு, முளைக்கல. ஆண் ஹார்மோன் வகை டிஹெச்டி மயிர்க்கால் அடியில இருக்குற பாப்பில்லாங்கிற செல் கூட்டத்தைத் தான் பிடிக்குது, அங்க இருந்து போற சிக்னல் கெடுது. அதனால தான், விதை இருக்குற நிலத்துல மேல மேல விதையைக் கொட்டி என்ன பிரயோஜனம்னு இந்த ஸ்டெம் செல் ஊசி விளம்பரம் எல்லாம் பாக்கும்போது எனக்குத் தோணுது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் கணிசமா காசைக் கட்டிட்டு வந்து என்கிட்ட பில்லைக் காட்டுனான், அதுல செல் எங்க இருந்து எடுத்தது, எத்தனை எண்ணிக்கை, எந்த வகைன்னு ஒரு வார்த்தை இல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐசிஎம்ஆர், அதோட 2017 வழிகாட்டுதல் ரொம்பத் தெளிவா இருக்கு, ரத்த நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல் மாத்துறது மட்டும் தான் ஏத்துக்கிட்ட வைத்தியம், மத்ததெல்லாம் பரிசோதனை, பரிசோதனைன்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. ஆப்பிள் ஸ்டெம் செல் க்ரீம் பத்திக் கேக்காதீங்க, ஆப்பிள் செல் ஆப்பிள் மரத்துக்குத் தான் உபயோகம்.

வேடிக்கை என்னன்னா நிஜமாவே வேலை செய்யுற ஸ்டெம் செல் மாற்று ஒண்ணு எல்லா ஊர்லயும் நடந்துக்கிட்டு இருக்கு, யாரும் அதை அந்தப் பேர்ல கூப்பிடறதில்ல. ஹேர் டிரான்ஸ்பிளான்ட். பின்னந்தலைல இருந்து மயிர்க்காலை அப்படியே தோண்டி எடுத்து முன்னாடி நடும்போது பல்ஜும் பாப்பில்லாவும் தரையும் எல்லாம் சேர்ந்து போகுது, குடும்பத்தோட வீடு மாத்துற மாதிரி, அதனால நிக்குது.

பையன் கதைக்கு வருவோம். ரெட்ரோவைரஸ் எங்க வேணாலும் உக்காரும்னு சொன்னேன், அதுல ஒரு பயமும் இருக்கு. 2000களோட ஆரம்பத்துல பிரான்ஸ்ல எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைங்களுக்கு இதே மாதிரி வைரஸ் வெச்சு ஜீன் குடுத்தப்ப சிலருக்கு லுகேமியா வந்துச்சு, வைரஸ் புற்றுநோய் ஜீன் ஒண்ணுக்குப் பக்கத்துல போய் உக்காந்ததால. அதனால இவனை விடாம கவனிச்சுக்கிட்டே இருக்காங்க. 2021 டிசம்பர்ல அஞ்சு வருஷ அறிக்கை வந்துச்சு. ஒட்டுன தோல்ல கொப்புளம் இல்ல, கட்டி எதுவும் இல்ல. 2025 ஏப்ரல்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ ஸெவாஸ்கின்ங்கிற பேர்ல திருத்துன தோல் ஷீட் ஒண்ணுக்கு அனுமதி குடுத்துச்சு, அது வேற வகைக்கு, கொலாஜன் 7 பிழை உள்ளவங்களுக்கு, ஆனா முறை இதே பரம்பரை தான், நோயாளியோட சொந்த செல்லை எடுத்து, ஜீனைச் சேர்த்து, ஷீட்டா வளர்த்துத் திருப்பி ஒட்டுறது.

அந்த அஞ்சு வருஷ அறிக்கைல இன்னொரு தகவலும் இருக்கு. பையன் உடம்புல ஒட்டாம விட்ட இடங்கள் இருக்கே, அங்க அவனோட பழைய தோல் தான், அங்க இன்னும் அப்பப்ப கொப்புளம் வருது.